வி-கிராஸுக்கு ஏ.டி. டயர்: 10 பிளை தேவையா?

கொண்டைஊசி
9 ஜூன் 2024, இரவு 9.10

இசுசு டி-மேக்ஸ் வி-கிராஸ், 4x4. இப்போது இருப்பது 255/60 ஆர்18 ஹெச்.டி. (தார் ரோட்டு) டயர், பட்டன், அதாவது தரையைத் தொடும் கட்டை, 3 மி.மீ.க்கு வந்துவிட்டது. அடுத்து ஏ.டி., அதாவது எல்லா வகைப் பாதைக்குமான டயர் போட வேண்டும். நூற்றுக்கு எண்பது தார் ரோடு, அதில் பாதி கொல்லிமலை, வால்பாறை மாதிரி மலைப்பாதை. மீதி தோட்டத்து மண் பாதை, ஜல்லி, வருஷத்துக்கு ரெண்டு மூணு தடவை தேரி (செம்மணல் மேடு). அடுத்த வருஷம் லடாக். கடையில் 17 இஞ்ச் ரிம்மோடு 285/70 ஆர்17, எல்.டி. (லைட் டிரக் வகை), 10 பிளை (அடுக்கு) போடச் சொல்கிறார்கள். பிளை கூடக்கூட வலுவும் கூடும், அதனால் அதுவே சரி என்பது என் கணக்கு. பி.எஃப்.குட்ரிச் கே.ஓ.2-வா, யோகோஹாமா ஜியோலேண்டரா என்பது மட்டும்தான் பாக்கி.

ஆறுநட்டு
9 ஜூன் 2024, இரவு 10.25

பாக்கி என்று நீங்கள் சொல்வதுதான் கடைசியாக முடிவு செய்ய வேண்டியது. முதலில் விட்டம். அடுத்தது சுமை எண்ணும் கட்டுமானமும். அதற்கப்புறம் பட்டன் அமைப்பு. பிராண்டு கடைசி.

விட்டக் கணக்கு சுலபம். ரிம் இஞ்சை 25.4-ஆல் பெருக்கி, அகலத்தில் உங்கள் சதவீதத்தை இரண்டு மடங்காக்கிக் கூட்டுங்கள். 255/60 ஆர்18 என்றால் 457 + 306 = 763 மி.மீ. கடைக்காரர் சொல்லும் 285/70 ஆர்17 என்றால் 432 + 399 = 831 மி.மீ. கிட்டத்தட்ட 9 சதவீதம் பெரிசு. மீட்டர் 100 காட்டும்போது வண்டி 109-இல் போகும். எல்லா கியரும் 9 சதவீதம் நீளும். 4எல் என்ற குறைவேக 4x4 கியரில் ஊர்ந்து இறங்கும் வேகம் கூடிவிடும், மலை இறக்கத்தில் என்ஜின் பிடிப்பு குறையும். ஸ்டீயரிங்கை முழுசா ஒடித்து, முன்சக்கரம் பள்ளத்தில் அமுங்கும்போது மட்கார்டு லைனரிலும் சேஸ் பக்கமும் உரசும். லிஃப்ட் கிட் போட்டாலும் உரசல் முழுசாகத் தீராது. லிஃப்ட் வண்டியின் நிற்கும் உயரத்தைத்தான் மாற்றும், சக்கரம் முழுசா அமுங்கும் இடத்தை அல்ல.

கொல்லிமலையின் 70 கொண்டை ஊசிகளிலும் முழு ஒடி தேவை. அங்கே உரசுகிற டயர் எதற்கு?

டயர்பட்டறை
10 ஜூன் 2024, காலை 7.05

ஸ்டெப்னியையும் சொல்லிடுங்கண்ணே. பிக்கப்ல ஸ்டெப்னி, சாமான் ஏத்தற தொட்டிக்கு அடியில சங்கிலியில தொங்குது. 831 அங்க ஏறாது, ஏறினாலும் டிஃபரன்ஷியல் பக்கம் இடிச்சுக்கிட்டு நிக்கும். நாலு பெரிசு போட்டு ஸ்டெப்னிய மட்டும் பழைய அளவுல விட்டா, பஞ்சர் ஆன அன்னைக்கு ஒரே அச்சுல ரெண்டு விட்டம். பின்னாடி மாட்டினா, ரெண்டு சக்கரத்தையும் வேற வேற வேகத்துல சுத்தவிடற டிஃபரன்ஷியல் நேர் ரோட்டுலயும் ஓயாம சுத்தும். 4ஹெச், அதாவது சாதாரண வேக 4x4 போட்டா அதவிட மோசம்.

ஆறுநட்டு
10 ஜூன் 2024, காலை 8.40

ஆமாம். வி-கிராஸ் பகுதிநேர 4x4. நடுவில் டிஃபரன்ஷியல் கிடையாது. 4ஹெச்-இல் முன் அச்சும் பின் அச்சும் ஒரே சுற்று சுற்றியாக வேண்டும், விட்ட வித்தியாசத்தைக் காய்ந்த தாரில் விழுங்க வழியே இல்லை. இரண்டு அச்சுக்கும் விசையைப் பிரிக்கும் டிரான்ஸ்ஃபர் கேஸ் முறுக்கிக்கொள்ளும். ஆகவே டயர் என்றால் ஐந்து. நான்குக்குத்தான் காசு இருக்கிறது என்றால், இப்போதைய டயரில் தேய்மானம் குறைந்த ஒன்றை ஸ்டெப்னிக்கு வையுங்கள், ஆனால் புது டயரும் அதே விட்டமாக இருக்க வேண்டும். அளவை மாற்றாமல் இருக்க இது ஒன்றே போதுமான காரணம்.

பக்கத்து அளவுகள்:

255/65 ஆர்17, 255/70 ஆர்16 இரண்டும் 763 மி.மீ. உங்களுடையதும் அதுவே. ரிம் இஞ்ச் மாறியும் விட்டம் அசையாத மூன்று அளவுகள்.
265/60 ஆர்18: 775 மி.மீ., 1.6 சதவீதம் கூட.
265/65 ஆர்17: 776 மி.மீ., 1.7 சதவீதம் கூட. ஹைலக்ஸ் அளவு இது.
265/70 ஆர்17: 803 மி.மீ., 5 சதவீதம் கூட. இங்கிருந்துதான் உரசல், ஸ்டெப்னி, மீட்டர் எல்லாத் தலைவலியும் ஆரம்பம்.

1.6 சதவீதம் என்றால் மீட்டரில் 100, உண்மையில் 101.6. ஸ்பீடோமீட்டர் பொதுவாகவே கொஞ்சம் கூட்டிக் காட்டும்படிதான் அமைக்கப்படுகிறது, அதில் இது கரைந்துவிடும்.

கொண்டைஊசி
10 ஜூன் 2024, இரவு 9.30

சரி, 285 போச்சு. 18-லேயே 265/60 போட்டுவிட்டால்? என் பழைய டயரில் 112டி என்று இருக்கிறது. கிடைக்கும் ஏ.டி.யில் 110 என்று இருக்கிறது. சுமை எண் குறையக் கூடாது என்பார்களே.

ஆறுநட்டு
10 ஜூன் 2024, இரவு 11.15

குறையக் கூடாது. 112 என்றால் ஒரு டயருக்கு 1,120 கிலோ, 110 என்றால் 1,060 கிலோ. விடுங்கள் அந்த டயரை.

ஆறுநட்டு
11 ஜூன் 2024, காலை 6.50

நேற்று ராத்திரி அவசரப்பட்டு எழுதியதைத் திருத்துகிறேன். சுமை எண் தனியாக எதையும் சொல்லாது, எந்தக் காற்றழுத்தத்தில் என்று சேர்த்துப் பார்க்க வேண்டும்.

255/60 ஆர்18-இல் 112 என்பது எக்ஸ்.எல்., அதாவது கூடுதல் சுமைக் கட்டுமானம். அந்த 1,120 கிலோ 290 கிலோபாஸ்கலில், அதாவது 42 பி.எஸ்.ஐ.யில் கிடைக்கும் அளவு. 265/60 ஆர்18-இல் 110 என்பது சாதாரண கட்டுமானம், அதன் 1,060 கிலோ 250 கிலோபாஸ்கலிலேயே, அதாவது 36 பி.எஸ்.ஐ.யிலேயே வந்துவிடும். இரண்டிலும் 35 வைத்தால்? அழுத்த விகிதத்தை 0.8 அடுக்குக்கு உயர்த்திப் பெருக்கினால் 112 எக்ஸ்.எல். தாங்குவது சுமார் 960 கிலோ, 110 தாங்குவது சுமார் 1,025 கிலோ. எண் சிறியது, ஆனால் நீங்கள் அன்றாடம் வைக்கும் காற்றில் தாங்குவது அதிகம்.

இன்னொரு கழிவும் உண்டு. பயணிகள் கார் வகை டயரை பிக்கப் மாதிரி வண்டியில் போடும்போது அமெரிக்க விதியில் சுமையை 1.10-ஆல் வகுப்பார்கள். 1,060 அப்போது 963 ஆகிவிடும். பின் அச்சு முழுச் சுமையில் 1,800 கிலோ என்று வைத்துக்கொண்டால் ஒரு டயருக்கு 900. தாங்கும், ஆனால் மிச்சம் அதிகமில்லை. உங்கள் வண்டியின் சரியான அச்சுச் சுமை கதவுத் தூணில் உள்ள ஸ்டிக்கரிலோ கையேட்டிலோ இருக்கும். தொட்டி நிறைய ஜல்லி ஏற்றுகிறவர் என்றால் 265/60-இலேயே எக்ஸ்.எல். கட்டுமானத்தில் வரும் 114 தேடுங்கள், முழுச் சுமை நாளில் 40-க்கு மேல் காற்று வையுங்கள். இரண்டு பேர், ஒரு கூடாரம், நாலு பை என்றால் 110 போதும். கம்பெனி கொடுத்த எண்ணுக்குக் கீழே போனால் இன்சூரன்ஸ்காரர் கேள்வி கேட்க வாய்ப்பு உண்டு என்பதையும் மனதில் வையுங்கள்.

கரிசல்காடு
11 ஜூன் 2024, காலை 10.20

எல்லாரும் கிலோ கணக்குப் போடுறீங்க. எங்க பக்கம் டயர தின்னுறது கிலோ இல்ல, சீமைக்கருவேல முள்ளு. 10 பிளை இருந்தா முள்ளு ஏறாதுல்ல?

டயர்பட்டறை
11 ஜூன் 2024, மதியம் 1.30

ஏறும். 10 பிளைங்கறது இப்ப வெறும் பேரு. உள்ள பத்து அடுக்கு இல்ல, பழைய பருத்தி நூல் காலத்து பத்து அடுக்கு வலுவுக்குச் சமம்னு அர்த்தம். பெரும்பாலும் பக்கவாட்டுல ரெண்டு மூணு பாலியெஸ்டர் அடுக்கு, பட்டனுக்கு அடியில ரெண்டு ஸ்டீல் பெல்ட்டு, அதுக்கு மேல நைலான், அவ்வளவுதான்.

முள்ளு ஏறுறது பட்டன் கட்டைமேல இல்ல, ரெண்டு கட்டைக்கு நடுவுல இருக்கற பள்ளத்துல. அங்க ரப்பர் மெலிசு. ஏ.டி.ல பள்ளம் அகலம், அதனால ஹெச்.டி.ய விட முள்ளுக்கு வாசல் அதிகம்னு கூடச் சொல்லலாம். எல்.டி.ல பள்ளத்துக்கு அடியில ரப்பர் கொஞ்சம் கனம், அந்த வித்தியாசம் உண்டு. மூணு அடுக்கு சைடுவால் உதவுறது கருங்கல் விளிம்புக்கும் வெட்டிப்போட்ட கருவேலங்கட்டைக்கும். முள்ளுக்கு இல்ல.

முள்ளு பஞ்சர்ல ஒண்ணு கவனிங்க. முள்ளு வெளியில மட்டமா ஒடிஞ்சிரும், கண்ணுக்கே தெரியாது. காத்து ஒரே நாள்ல இறங்காது, ராத்திரிக்கு ரெண்டு மூணு பி.எஸ்.ஐ. இறங்கும். சோப்புத்தண்ணி ஊத்தினா ஊசிமுனை அளவுல குமிழ் வரும். அந்த ஓட்டை ஒண்ணு ஒண்ணரை மி.மீ.தான். அதுல அரத்த விட்டுக் குடைஞ்சு ஸ்ட்ரிப் சொருகினா சின்ன ஓட்டைய நாமளே பெரிசாக்கி, பெல்ட்டு கம்பியையும் அறுத்துடறோம். டயரக் கழட்டி, உள்ளே நீட்டிக்கிட்டு இருக்கற முனைய கொறடால இழுத்து எடுத்து, உள்பக்கம் தேய்ச்சு பேட்ச் ஒட்டணும். முனைய எடுக்காம ஒட்டினா அது பேட்ச்சையே குத்தும். ஒரு டயர்ல நாலு முள்ளு இருந்தா நாலையும் ஒரே தடவையில பாத்துடலாம். ரோட்டோரத்துல அவசரத்துக்கு ஸ்ட்ரிப் சரி, ஊருக்கு வந்து மாத்திடணும். ஓட்டை 6 மி.மீ.க்கு மேலயோ தோள் பக்கமோ சைடுவால்லயோ இருந்தா ஒட்டக் கூடாது, அந்த டயர் அவ்வளவுதான்.

கரிசல்காடு
11 ஜூன் 2024, மதியம் 2.15

சரி, முள்ளுக்கு பதில் கிடைச்சது. மழை பெய்ஞ்ச கரிசல்ல ஏ.டி. நிக்குமா? நிக்காதுன்னு நானே சொல்லிடறேன். கரிசல் களிமண்ணு தண்ணியக் குடிச்சு உப்பி, பட்டன் பள்ளத்த முழுசா அடைச்சிடும். நாலு சுத்துல ஏ.டி. டயர் மொட்டை டயர். எம்.டி.ங்கற சேத்து டயர்ன்னா பள்ளம் அகலம், சுத்தற வேகத்துல மண்ணு தெறிச்சு விழும். ஏ.டி.ல நின்னுட்டா ஆக்ஸிலேட்டர மிதிச்சு நிமிண்டாதீங்க, இன்னும் புதையும். காத்த 20-க்கு இறக்கி, 4எல்-ல ரெண்டாவது கியர், ஸ்டீயரிங்க இடமும் வலமும் லேசா ஆட்டிக்கிட்டே வெளிய வரணும். அதுக்கும் வரலன்னா பக்கத்து வயல்ல டிராக்டர் இருக்கும்.

பனிக்கோடு
12 ஜூன் 2024, இரவு 8.00

எல்.டி. விஷயத்தை இன்னும் யாரும் முழுசாகப் பேசவில்லை. எல்.டி. ஈ வகை, அதாவது 10 பிளை டயர் தன் முழுச் சுமையை எடுப்பது 80 பி.எஸ்.ஐ.யில். நீங்கள் வைக்கப்போவது 35. அதே 35-இல் அது பயணிகள் வகையைவிடக் குறைவாகவே தாங்கும். ஆகவே அதே சுமைக்கு 5 முதல் 8 பி.எஸ்.ஐ. கூட்டி வைக்க வேண்டும், சரியான எண் டயர் கம்பெனியின் சுமை-அழுத்த அட்டவணையில் இருக்கும். கூட்டி வைத்தால் விறைப்பு. வைக்காவிட்டால் சைடுவால் வளைந்து வளைந்து சூடாகும். ஒவ்வொரு டயரும் ஐந்தாறு கிலோ கூடுதல் கனம், அதுவும் ஸ்பிரிங்குக்குக் கீழே. தொட்டி காலியாக இருக்கும் பிக்கப்பின் பின்பக்கம் ஏற்கெனவே துள்ளும். இதைப் போட்டால் மலை வளைவில் ஒரு குழியிலிருந்து அடுத்த குழிக்குப் பக்கவாட்டில் தாவும்.

எல்.டி. யாருக்கு என்றால், குவாரி ரோட்டில் தினமும் போகிறவர், அரை டன்னுக்கு மேல் எப்போதும் ஏற்றுகிறவர், கூர்கல்லில் காற்றிறக்கி ஓட்டுகிறவர். எண்பது சதவீதம் தார் என்று எழுதியவருக்கு அல்ல.

கொண்டைஊசி
12 ஜூன் 2024, இரவு 9.45

லடாக்கில் சைடுவால் வெடிக்கும் என்று பயமுறுத்துகிறார்களே? மேலே ஏறும்போது காற்று தானாகக் கூடும், இறக்கிக்கொண்டே போக வேண்டும் என்றும் சொல்கிறார்கள்.

பனிக்கோடு
13 ஜூன் 2024, காலை 7.30

பாதி உண்மை. கணக்கைப் பாருங்கள். சமவெளியில் 35 டிகிரி வெயிலில் 35 வைத்தீர்கள். மீட்டர் காட்டுவது வெளிக்காற்றுக்கு மேலே உள்ள அளவு, உள்ளே மொத்தம் 35 + 14.7 = 49.7. சுமார் 5,300 மீட்டர் உயரத்தில் வெளிக்காற்று கிட்டத்தட்ட 7 பி.எஸ்.ஐ. குறைந்து 7.7 ஆகிவிடும். இது மட்டும் என்றால் மீட்டர் 42 காட்டும். ஆனால் அங்கே டயர் 5 டிகிரிக்குக் குளிர்ந்திருக்கும். 49.7-ஐ 278-ஆல் பெருக்கி 308-ஆல் வகுத்தால் 44.9, அதில் 7.7 போக 37. ஆக ஏறியது இரண்டு பி.எஸ்.ஐ.தான். எதையும் இறக்க வேண்டாம்.

ஆபத்து திரும்பும்போது. மேலே யாரோ சொன்னார் என்று 28-க்கு இறக்கிவிட்டு, அதே காற்றோடு கீழே வந்து நெடுஞ்சாலையில் 100-இல் ஓட்டினால் டயர் சூடேறிப் பிய்ந்துபோகும். சைடுவால் வெடிப்பு என்று சொல்லப்படுவதில் பெரும்பங்கு இதுவும், நாலாவில் (ரோட்டைக் கடக்கும் ஓடையில்) தண்ணீருக்கு அடியில் உள்ள கல்லில் வேகமாக ஏறியதும்தான்.

பனி விஷயம் தனி. எம்+எஸ் (சேறு, பனி) முத்திரை பட்டன் அமைப்பை வைத்துக் கம்பெனியே போட்டுக்கொள்வது. மூன்று சிகர மலைக்குள் பனிச்செதில் வரைந்த முத்திரை பனியில் சோதித்த பிறகு வருவது. கே.ஓ.2-வில் அது உண்டு. வேறு எதை வாங்கினாலும் நீங்கள் வாங்கும் அளவில் அந்த முத்திரை இருக்கிறதா என்று சைடுவாலைப் பார்த்து உறுதி செய்யுங்கள், ஒரே மாடலில் அளவுக்கு அளவு மாறலாம். ஆனால் அதுவும் தூவிய பனிக்குத்தான், உறைந்த கண்ணாடிப் பனிக்கு அல்ல. அங்கே டயரைச் சுற்றி மாட்டும் சங்கிலிதான், ஏ.டி.யாவது எம்.டி.யாவது. நீங்கள் போவது ஜூலை, ஆகஸ்ட் என்றால் இந்தப் பத்தியையே மறந்துவிடலாம்.

ஆறுநட்டு
13 ஜூன் 2024, இரவு 10.05

இப்போது பட்டன். மலை, மழை, வழுவழு தார் என்று வந்தால் பார்க்க வேண்டியது கட்டை எவ்வளவு முரட்டுத்தனமாக இருக்கிறது என்பதை அல்ல. கட்டைமேல் கத்தியால் கீறினது மாதிரி இருக்கும் மெல்லிய கோடுகளை, அதாவது சைப்பை. ஈரத் தாரில் தண்ணீர்ப் படலத்தை அறுப்பது அதுதான். கடையில் ஒரு விசிட்டிங் கார்டைச் சொருகிப் பாருங்கள். பள்ளத்தின் அடிவரை போனால் நல்லது. பாதியில் நின்றால், டயர் பாதி தேய்ந்த அன்று சைப் காணாமல் போகும். பட்டன் 6 மி.மீ. இருக்கும், ஆனால் மழையில் சறுக்கும். சட்டப்படி 1.6 மி.மீ. வரை ஓட்டலாம். மலை மழைக்கு 4 மி.மீ.யில் மாற்றிவிடுவது என் அளவுகோல்.

கே.ஓ.2-வின் ரப்பர் கல் கிழிப்பதைத் தாங்குவதற்காகச் செய்த கடின ரகம். ஜல்லியில் கட்டை பிய்யாது, பல வருஷம் வரும், ஆனால் ஈரமான பழைய தாரில் அதைவிட மென்மையான ஜியோலேண்டர் ஜி015 நம்பிக்கையாக நிற்கும். பதிலுக்கு ஜி015 கூர்கல்லில் சீக்கிரம் சிராய்க்கும். மேக்ஸிஸ், அப்போலோ ஆப்டெரா, சியெட், எம்.ஆர்.எஃப். எல்லோரிடமும் ஏ.டி. உண்டு. 18 இஞ்சில் உங்கள் அளவு உள்ளதா என்பதே அங்கே முதல் கேள்வி. 2020 ஜூனில் டயர் இறக்குமதிக்கு உரிமம் கட்டாயமான பிறகு, இன்றைக்கு ஐந்து கிடைத்த வெளிநாட்டு டயர் நாளைக்கு ஒன்று கிழிந்தால் ஒன்றாகக் கிடைக்கும் என்ற உத்தரவாதம் இல்லை. ஊர் டயருக்கு இருக்கும் பெரிய பலம் அது.

உங்கள் கேள்விக்கு என் பதில்: 265/60 ஆர்18 அல்லது பழைய 255/60 ஆர்18, எல்.டி. அல்லாத கட்டுமானம், அடிவரை சைப் உள்ள மிதமான ஏ.டி.

டயர்பட்டறை
14 ஜூன் 2024, காலை 6.40

18-ல கிடைக்கலன்னா 17 ரிம்முக்கு இறங்கறது தப்பில்லண்ணே. 265/65 ஆர்17-ல சைடுவால் உயரம் 172 மி.மீ., இப்ப இருக்கற 255/60-ல 153. அந்த 19 மி.மீ. ரப்பர் குழியில ரிம்ம காப்பாத்தும், தேரியில காத்து இறக்கவும் இடம் குடுக்கும். ஏ.டி. ரகமும் 17-லதான் அதிகம்.

ஆனா ஹைலக்ஸ் ரிம் சும்மா கிடைக்குதுன்னு வாங்கி மாட்டாதீங்க. ஆறு நட்டு, நட்டு வட்டத்தோட விட்டம் 139.7 மி.மீ., எல்லாம் ஒண்ணுதான். நடு ஓட்டை ஹைலக்ஸ்ல 106, இசுசுல 100. அந்த 6 மி.மீ. இடைவெளிக்கு ஹப் ரிங் போடணும், இல்லன்னா ரிம் நடுவுல உக்காராது, 80-ல ஸ்டீயரிங் உதறும், பேலன்சிங் மிஷின்ல எல்லாம் சரின்னு காட்டும். நட்டு உக்கார்ற இடம் கூம்பா தட்டையான்னு பாருங்க, மாத்திப் போட்டா நட்டு லூசாகும். ஆஃப்செட், அதாவது ரிம் உள்ள வெளிய தள்ளி நிக்கற அளவு, பழைய ரிம்மோட ஒத்துப் போகணும். ரிம் அகலம் 265-க்கு 7.5-லேர்ந்து 9.5 இஞ்ச் வரைக்கும் ஓகே.

கொண்டைஊசி
14 ஜூன் 2024, இரவு 9.00

ஏ.டி. போட்டால் மைலேஜ் 12-இலிருந்து 11-க்கு இறங்கும் என்கிறார்களே?

ஆறுநட்டு
14 ஜூன் 2024, இரவு 9.50

இறங்கும். ஆனால் இறங்கியதாகத் தெரிவதில் ஒரு பகுதி மாயை. பெரிய டயர் போட்டால் ஓடோமீட்டர் குறைத்து எண்ணும். 285/70 போட்டவர் மீட்டரைப் பார்த்து 11 என்றால் அவர் உண்மையில் ஓடியது 12. அதை நஷ்டம் என்று புலம்புவார், வண்டி சர்வீஸுக்கும் தாமதமாக விடுவார். 265/60-இல் இந்தப் பிழை 1.6 சதவீதம்தான், மீதிக் குறைவு நிஜம். கனம், முரட்டுப் பட்டன், குறைவான காற்று மூன்றும் சேர்ந்து எடுத்துக்கொள்வது.

கரிசல்காடு
15 ஜூன் 2024, காலை 11.00

தேரிக்கு யாரும் எழுதல. குதிரைமொழி பக்கத்து செம்மண் மாவு மாதிரி. அங்க டயர விட காத்துதான் முக்கியம். 16-லேர்ந்து 18 பி.எஸ்.ஐ. வையுங்க, ஹெச்.டி. டயரே மிதந்து போகும். 35-ல போனா எந்த டயரும் குழி தோண்டும், எம்.டி. வேகமாத் தோண்டும். 15-க்குக் கீழ போனா ரிம்லேர்ந்து விளிம்பு கழண்டுக்கும், அந்தக் காத்துல வளைச்சுத் திருப்பக் கூடாது, 30-க்கு மேல போகவும் கூடாது. நிக்கணும்னா இறக்கத்துல மூஞ்சிய வச்சு நில்லுங்க, பிரேக்க அழுத்தாம தானா நிக்கட்டும். பிரேக் அடிச்சா முன்னாடி மண்ணு மேடு குவிஞ்சு நிக்கும், கிளம்பும்போது அதத் தாண்டணும். பாதி இடம் வனத்துறையோடது, கேட்டுட்டுப் போங்க.

பனிக்கோடு
15 ஜூன் 2024, மதியம் 12.10

திரும்பக் காற்று ஏற்றும் கம்பிரசரை சிகரெட் லைட்டர் சாக்கெட்டில் மாட்டாதீர்கள். நாலு பெரிய டயரை 17-லிருந்து 35-க்கு ஏற்றும் கம்பிரசர் 20 ஆம்பியருக்கு மேல் இழுக்கும், சாக்கெட் ஃபியூஸ் பெரும்பாலும் 10 அல்லது 15. பேட்டரியில் நேரடியாகக் கிளிப் போடுவது, என்ஜினை ஓடவிட்டுக்கொண்டு.

கொண்டைஊசி
2 ஜூலை 2024, இரவு 8.20

265/60 ஆர்18, 114 எக்ஸ்.எல்., ஐந்து டயர். உற்பத்தி எண் ஐந்திலும் 1124, அதாவது 2024-இன் 11-வது வாரம். ஸ்டெப்னி சங்கிலியில் ஏறியது. முழு ஒடியில், முன்சக்கரம் ஒன்றைக் கல்மேல் ஏற்றிப் பார்த்ததில் வலது மட்ஃபிளாப் மட்டும் நூல் அளவு தொடுகிறது. எவ்வளவு காற்று வைப்பது? கையேட்டில் இருப்பது பழைய அளவுக்கு.

ஆறுநட்டு
2 ஜூலை 2024, இரவு 10.30

மட்ஃபிளாப்பின் கீழ் கிளிப்பைக் கழற்றி 10 மி.மீ. பின்னால் தள்ளி மாட்டுங்கள், வெட்ட வேண்டாம்.

காற்றுக்கு இரண்டு சோதனை. ஒன்று, சுண்ணாம்புக்கட்டி. பட்டன் குறுக்கே ஒரு விரற்கடை அகலத்துக்குத் தோளிலிருந்து தோள் வரை கோடு போட்டு, நேரான தாரில் 200 மீட்டர் ஓட்டி இறங்கிப் பாருங்கள். நடுவில் மட்டும் அழிந்தால் காற்று அதிகம், இரண்டு ஓரமும் அழிந்து நடு வெள்ளையாக நின்றால் குறைவு. தொட்டி காலியாக ஒரு தடவை, சாமான் ஏற்றி ஒரு தடவை. முன், பின் தனித்தனியாக. காலி பிக்கப்பில் பின் டயருக்கு முன்னதைவிடக் குறைவாக வரும், ஆச்சரியப்படாதீர்கள்.

இரண்டு, 4 பி.எஸ்.ஐ. கணக்கு. காலையில் குளிர்ந்த டயரில் அளந்து, ஒரு மணி நேரம் நெடுஞ்சாலையில் ஓட்டி மறுபடி அளக்கவும். 4 ஏறியிருந்தால் சரி. 6, 7 என்று ஏறினால் டயர் அதிகம் வளைந்து சூடாகிறது, குளிர்ந்த அளவைக் கூட்டுங்கள். 2-தான் ஏறியது என்றால் கொஞ்சம் இறக்கலாம். எது எப்படியோ, கதவு ஸ்டிக்கரில் உள்ளதுக்குக் கீழே தாரில் போகாதீர்கள். சுண்ணாம்பு 30 என்று சொன்னாலும் ஸ்டிக்கர் சொல்வதையே கேளுங்கள்.

டயர்பட்டறை
3 ஜூலை 2024, காலை 7.15

100 கி.மீ. ஓடினதும் நட்டெல்லாம் ஒருக்கா டார்க் ரெஞ்சுல பாத்துடுங்க, கையேட்டு அளவுக்கு. காத்து கன்ல அடிச்சு விட்டுட்டு அதோட விடாதீங்க.

8,000 கி.மீ.க்கு ஒருக்கா அஞ்சையும் மாத்துங்க. பின் ரெண்டும் நேரா முன்னாடி. முன் வலது பின் இடதுக்கு. முன் இடது ஸ்டெப்னிக்கு. ஸ்டெப்னி பின் வலதுக்கு. ஏ.டி. கட்டை ஒவ்வொண்ணும் ஒரு பக்கம் உயர்ந்து ஒரு பக்கம் தேயும், மாத்தாம விட்டா 20,000-ல ஹெலிகாப்டர் மாதிரி சத்தம் வரும், வந்தப்பறம் எந்த அலைன்மென்ட்டும் போக்காது. ஸ்டெப்னிய இப்படி சுத்தவிடறதுல இன்னொரு நல்லது, வருஷத்துக்கு ரெண்டு தடவையாவது அந்த சங்கிலி இறங்கி ஏறும். இறக்காமலே விட்டு துருப்பிடிச்ச சங்கிலி பஞ்சர் அன்னைக்கு இறங்காது. கிரீஸ் அடிச்சு வைங்க.

கொண்டைஊசி
3 ஜூலை 2024, இரவு 9.05

எல்லாம் சரி. வெள்ளை எழுத்து வெளியே தெரியும்படி மாட்டியிருக்கிறார்கள். அது நீலமாக இருக்கிறதே?

டயர்பட்டறை
3 ஜூலை 2024, இரவு 9.20

அது வெள்ளை அழுக்காகாம இருக்க பூசின பூச்சு. சோப்புத்தண்ணியும் நார் பிரஷும் போதும். பெட்ரோல், தின்னர் வேண்டாம், ரப்பர் வறண்டு வெடிக்கும். நாலு மழை போனா தானாவும் போயிடும், அதுக்கப்பறம் செம்மண் பூசிக்கும்.